வீட்டுக்காரரை மாமா என்று சொல்லாதே

மகனே,

இந்த உறைக்குள் கடிதத்தைத் தவிர இன்னொரு தாளும் இருக்கிறது. முதலில் அதை எடுத்துப் பார். நீ குடியிருக்கும் கிளென்ஃபீல்ட் வீட்டின் வாடகை ஒப்பந்தம் அது. வாரத்துக்கு எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து, வீட்டுக்காரர் யார், குடியிருப்பவர் யார், எல்லாம் எழுதியிருக்கிறது. வீட்டுக்காரர் கையெழுத்து கீழே இருக்கிறது. உன் கையெழுத்துக்கான இடம் காலி. அதை எப்படி வாங்கினேன் என்று பின்னால் சொல்கிறேன். உன்னைக் கேட்காமல் வாங்கினேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கோபம் வந்தால் வரட்டும். கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கோபப்படு.

ஃபோனில் பேசாமல் இத்தனை பக்கம் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். ஃபோனில் நீ நழுவிவிடுகிறாய். "சாப்டியா?" "சாப்டேன்பா." "கால் எப்படி இருக்கு?" "நாட் டூ பேட்பா." "வேலை?" "ஓகேப்பா." மூன்று கேள்வி, மூன்று பொய், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. தமிழில் எழுதினால் நீ மெதுவாகத்தான் படிக்க முடியும். சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கு உன்னைத் தரதரவென்று இழுத்துப்போன உன் அம்மாவின் புண்ணியத்தில் எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுவாய். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனால் நடுவில் "ஓகேப்பா" சொல்லிவிட்டு ஓட முடியாது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை பேத்தி தாராவை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாய். பாபகூராவில் நம் குக்கர் கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குக்கர் காஸ்கெட்டுகளை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஏழு வயதுக்கு நல்ல கண். மூன்று லிட்டர் வளையம் எது, ஐந்து லிட்டர் வளையம் எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்கிறாள். நீ அந்த வயதில் எல்லாவற்றையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தாய். கை வேலையை நிறுத்தாமலே, பள்ளிக்கூடத்தின் அடுத்த டெர்மிலிருந்து வெலிங்டனில் அம்மாவோடு இருக்கப்போகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ஏன் என்று கேட்டேன். எங்கள் வீட்டுக்கு ரொம்பப் பணம் கேட்கிறார்கள், டாடி யார் வீட்டிலோ ஒரு ரூமுக்குப் போகிறார், அங்கே எனக்குக் கட்டில் போட இடமில்லை என்றாள். சொல்லிவிட்டு, "தாத்தா, இது ஃபைவா, த்ரீயா?" என்று ஒரு வளையத்தைத் தூக்கிக் காட்டினாள். எனக்குத் தெரியவில்லை. முப்பது வருடமாக அதை விற்கிறவனுக்கு அந்த நேரத்தில் அது ஐந்தா மூன்றா என்று தெரியவில்லை.

உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன் என்று நினைக்காதே. இதை வேறு சிலரும் படிக்கவேண்டும் என்று நினைக்கிறேன், அது ஏன் என்று கடைசியில் வருகிறது. நான்கு வருடத்துக்கு முன்னால் உன் நரம்பில் அந்த நோய் வந்தது. கைத்தடி வந்தது. மோசமான நாட்களில் சக்கர நாற்காலி. உன் அலுவலகம் உன்னைக் கைவிடவில்லை, ஆனால் வாரத்துக்கு இருபத்தைந்து மணி நேரத்துக்கு மேல் உன் உடம்பு ஒத்துழைக்கவில்லை. சம்பளமும் அதற்குத் தகுந்தபடி இறங்கியது. நீயும் தாராவின் அம்மாவும் பிரிந்தீர்கள். அதில் யார் பக்கம் நியாயம் என்று நான் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன். குழந்தை உன்னோடு இருக்கிறாள், விடுமுறைக்கு அம்மாவிடம் போகிறாள். வாசலில் படி இல்லாத வீடு, சக்கர நாற்காலி திரும்புகிற அளவுக்குக் குளியலறை, அவள் பள்ளிக்கூடம் தெருமுனையில். ஆக்லாந்தில் இந்த மூன்றும் சேர்ந்து ஒரே வீட்டில் கிடைப்பது பெரிய விஷயம். அந்த வீட்டு வாடகை உன் சம்பளத்தில் பாதிக்கு மேலே தின்கிறது. வீடு போனால் தாரா போகிறாள். விஷயம் இவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக நீ வந்தபோது கேட்டேன். "வாடகைக்கு அரசாங்கத்துல ஏதோ உதவி குடுக்குறாங்களாமே, கேட்டுப் பாத்தியா?" என்றேன். நீ கைத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு என்னைப் பார்க்காமலே பேசினாய்.

"போனேன்பா. ரெண்டு மாசம் முன்னாடியே போனேன்."

"அப்புறம்?"

"யார் வீடுன்னு கேட்டாங்க. அங்கிள் வீடுன்னு சொன்னேன்."

"எந்த அங்கிள்?"

"என்னப்பா எந்த அங்கிள்? மாமா வீட்லதானே இருக்கேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. உன் 'மாமா' யார்? இருபது வருடமாக என் நண்பர். நமக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை, ஒரே ஜில்லாகூட இல்லை. பதினைந்து வயதில் நீ அவரை மாமா என்று கூப்பிட ஆரம்பித்தாய், முப்பத்தைந்திலும் அப்படித்தான் கூப்பிடுகிறாய். அதை அந்த அரசாங்க அலுவலகத்தில் போய் அங்கிள் என்று ஆங்கிலப்படுத்திவிட்டாய். அங்கே இருந்த பெண்மணி உறவினர் வீட்டில் குடியிருக்கிறார் என்று எழுதிக்கொண்டார். உறவினர் வீடு என்றால் நிஜமாகவே வாடகை தருகிறாயா, அல்லது குடும்பத்துக்குள் ஓர் ஏற்பாடா என்று கேட்காமல் என்ன செய்வார்? எழுத்தில் கொண்டுவா என்றார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. அவருடைய உலகத்தில் அங்கிள் என்றால் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ உடன்பிறந்தவர். நம்முடைய உலகத்தில் பஸ்ஸில் நகர்ந்து உட்காருகிறவர்கூட அங்கிள்தான். ஒரு சொல்லால் இரண்டு மாதம் போயிற்று.

நீ மாமாவிடம் போய் எழுத்தில் கேட்டிருக்கிறாய். அவர், "நமக்குள்ள எதுக்குடா பேப்பரு? நீ என் பையன் மாதிரி" என்று சொல்லி, முறுக்கு கொடுத்து அனுப்பிவிட்டார். நீயும் விட்டுவிட்டாய். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அதற்கு நீ சொன்ன பதில்தான் என்னை இந்தப் பேனாவை எடுக்க வைத்தது.

"நீங்க என்ன சொல்வீங்கன்னு எனக்குத் தெரியும்பா."

கடையின் உள்ளறையிலிருந்து உன் அம்மா, "அவனுக்கு மட்டுமா? ஊருக்கே தெரியும். மைக்லயே சொன்னாரே" என்றாள்.

சொன்னேன். மறுக்கவில்லை. உனக்குப் பதினான்கு வயது, தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சங்கடத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கடை நன்றாக ஓட ஆரம்பித்திருந்த நேரம். வெற்றி பெற்ற வியாபாரி என்று என்னை மேடையில் ஏற்றி மைக்கைக் கொடுத்தார்கள். வெறுங்கையோடு வந்ததைச் சொன்னேன். வீடு வீடாகப் போய்ப் பழைய குக்கருக்கு விசில் மாற்றியதை, மிக்ஸி ஜாருக்குப் பிளேடு மாற்றியதைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இந்த நாட்டுக்கு வந்து நம்ம ஆளுங்க ஒருத்தர்கூட அரசாங்கத்துக்கிட்ட கையேந்தி நின்னதில்ல" என்றேன். கைதட்டல் வந்தது. அது பொய் என்று எனக்கு அந்த நிமிடமே தெரியும். வாங்கியவர்கள் அந்த மண்டபத்திலேயே இருந்தார்கள். கதவோரம் ஒரு பெண் மகளோடு உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் விழவேண்டும் என்றுதான் அதைச் சொன்னேன்.

அவள் யார் என்று உனக்குச் சொன்னதில்லை. மங்கரேயில் நாம் வாங்கிய முதல் வீட்டின் பின்பக்கத்தில் தனியாக ஒரு சின்ன வீடு இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? அதில் குடியிருந்த யாழ்ப்பாணத்துப் பெண். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, இளவயதிலேயே. புருஷன் இல்லை. இடது கையால் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற வேலை பார்த்தாள். காலை நாலு மணிக்கெல்லாம் நடந்தே போவாள். வாடகை ஒரு வாரமும் தவறியதில்லை, ரொக்கமாக ஓர் உறையில் போட்டு நம் கதவுக்கு அடியில் தள்ளிவிடுவாள். அவள் ஒருநாள் என்னிடம் வந்தாள்.

"அண்ணை, ஒரு கடிதம் எழுதித் தாங்கோ. இவ்வளவு வாடகை தாறன் எண்டு இருந்தால் காணும். வாடகைக்கு உதவி குடுக்கினமாம், அதுக்குக் கேக்கினம்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? உன் மாமா உன்னிடம் சொன்னதையேதான். "நமக்குள்ள எதுக்கும்மா பேப்பரு? நீங்க என் தங்கச்சி மாதிரி" என்றேன். ரொம்ப அன்பாகச் சொன்னேன். உண்மைக் காரணம் அன்பில்லை. அந்த வாடகையை நான் வரிக்குக் காட்டவில்லை. தாளில் எழுதினால் மாட்டிக்கொள்வேன் என்ற பயம். அவள் திரும்பக் கேட்டாள்.

"தங்கச்சி எண்டால் பிறகு என்னத்துக்கு அண்ணை வாடகை வாங்குறியள்?"

கடைக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன். ஒரு மாதத்தில் அவள் வேறு வீடு பார்த்துப் போய்விட்டாள். வீட்டில் உங்களிடம், "நன்றி இல்லாதவங்க" என்று சொன்னேன். பிறகு பொங்கல் வந்தது, மைக் வந்தது, மீதியைத்தான் சொல்லிவிட்டேனே. இரண்டு வருடம் கழித்துக் கணக்கரிடம் போய் வரியைச் சரிசெய்தேன். யாரும் என்னைப் பிடிக்கவில்லை, தூக்கம் வராமல் நானே போனேன். வரியைச் சரிசெய்துவிட்டேன், அவளிடம் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன வருடம் அவளே கடைக்கு வந்தாள். தலை நரைத்திருந்தது. ஐந்து லிட்டர் குக்கருக்குக் காஸ்கெட் கேட்டாள். நான் அடையாளம் கண்டுகொண்டேன் என்பது அவளுக்கும் தெரிந்துவிட்டது. "நல்லா இருக்கீங்களாம்மா?" என்றேன். "ஓம், நல்லா இருக்கிறம். மகள் நர்ஸ்" என்றாள். காஸ்கெட்டை எடுத்துக் கொடுத்து, பணம் வேண்டாம் என்றேன். அவள் பணத்தை எண்ணி மேசைமேல் வைத்தாள். வைத்துவிட்டு, "ரசீது தாங்கோ" என்றாள்.

"ஒரு காஸ்கெட்டுக்கா ரசீது?"

"ஓம் அண்ணை. மற்றக் கடையெண்டால் கேக்க மாட்டன். உங்களிட்டை எண்டால் கேப்பன்."

எழுதிக் கொடுத்தேன். உன் அம்மா அன்று ராத்திரி முழுக்கச் சிரித்தாள். எனக்குச் சிரிக்க ஒரு வாரம் ஆயிற்று.

அதனால்தான் உன் மாமாவின் பேச்சு எனக்குப் புரிந்தது. உனக்கு அது அன்பாகக் கேட்டிருக்கும். அதே பேச்சைப் பேசியவன் நான், அதன் அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இந்த நாட்டில் வாடகை ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்கவேண்டும் என்பது சட்டம். நீ கேட்டது சலுகையில்லை. போன செவ்வாய்க்கிழமை மதியம் கடையை அம்மாவிடம் விட்டுவிட்டு, வாடகை ஒப்பந்தப் படிவத்தை இரண்டு நகல் எடுத்து, பேனாவும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

"வாய்யா! கடையை விட்டுட்டு வர்ற அளவுக்கு என்ன விசேஷம்?"

"ஒரு கையெழுத்து வேணும். போட்டுட்டீன்னா போயிடுறேன்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"பையன் அனுப்பினானா?"

"அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சா உன்னை விட்டுட்டு என்னைத்தான் திட்டுவான்."

"நமக்குள்ள எதுக்குய்யா இதெல்லாம்? அவன் எனக்கும் பையன்தான்யா."

"ரொம்ப சந்தோஷம். அப்ப இந்த வாரத்துலேர்ந்து வாடகை வேணாம்னு சொல்லிடு. பெத்த பையன்கிட்ட யாராவது வாரா வாரம் வாடகை வாங்குவாங்களா?"

"அது வேற, இது வேற."

"எது வேற? வாங்குறப்ப ஓனர், எழுதுறப்ப மாமாவா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லு. ரெண்டுமா இருந்து பாத்தவன் நான். நீ எதுக்குப் பயப்படுறேன்னும் எனக்குத் தெரியும். என் கணக்கர் நம்பர் தர்றேன், போய்ச் சரி பண்ணிக்கோ. வலிக்கும், ஆனா தூக்கம் வரும்."

அவர் முகம் சிவந்துவிட்டது. "மானம்னு ஒண்ணு இருக்குய்யா. நம்ம பசங்க போயி கவர்ன்மென்ட்ல நிக்கிறதா? நீயே மைக்ல பேசினவன்தானே?"

"பேசினேன். தப்பாப் பேசினேன். இந்தப் பொங்கலுக்கு அதே மைக்ல அதைச் சொல்லப்போறேன். நீ முன்வரிசையில வந்து உக்காரு."

அப்போது அவர் மனைவி, உன் அத்தை, காபியோடு வந்தார். பார், நானும் அத்தை என்றே எழுதுகிறேன், பழக்கம் எங்கே போகும்! "ஏண்ணே, தாரா வெலிங்டன் போகுதாமே, நிஜமா?" என்றார். ஆமாம் என்றேன். காரணத்தையும் சொன்னேன். காபித் தட்டை அப்படியே கீழே வைத்தார். "இதுக்கா இவ்வளவு நேரம் பேசிக்கிட்டு இருக்கீங்க? போட்டுத் தொலைங்க கையெழுத்தை. வரி ஆஃபீஸ்காரங்க வந்தா நான் காபி போட்டுக் குடுத்துப் பேசிக்கிறேன்."

போட்டார். தாளின் பின்பக்கம் தடவிப் பார், எவ்வளவு அழுத்திப் போட்டிருக்கிறார் என்று தெரியும். அதற்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. இருபது வருட நட்பு, போகாது என்று நினைக்கிறேன். போனாலும் தாராவைவிட அது பெரிதில்லை.

இனி உன்னோடு எனக்கு இருக்கும் சண்டைக்கு வருகிறேன். அன்று கிளம்பும்போது, "எனக்கு அங்க போய் நிக்கப் பிடிக்கலப்பா, பிச்சை மாதிரி இருக்கு" என்றாய். அந்தச் சொல் உன்னுடையதில்லை, என்னுடையது. நான் உன் காதில் போட்டது. அதனால் அதை எடுக்கிற பொறுப்பும் என்னுடையது. பிச்சை கேட்கிறவனுக்கு எதிரில் இருப்பவன் மனம் இரங்கவேண்டும். இங்கே யாருடைய மனமும் இரங்கத் தேவையில்லை. ஒரு விதி இருக்கிறது. உன் வருமானம் இவ்வளவு, உன் வாடகை இவ்வளவு, உன்னை நம்பி ஒரு குழந்தை. விதிக்குள் வந்தால் கொடுப்பார்கள், வராவிட்டால் இல்லை என்பார்கள். வேலை செய்கிறவனுக்கும் அது உண்டு என்பதே நம் ஆட்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. வேலை இல்லாமல் வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வாங்கினாலும் அது அவர்கள் உரிமைதான். அதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

என் தொழிலை வைத்துச் சொல்கிறேன். ஒருவர் மிக்ஸி வாங்குகிறார். ஏழு மாதத்தில் மோட்டார் போகிறது. வாரண்டி அட்டையை எடுத்துக்கொண்டு கடைக்கு வருகிறார். எப்படி வருகிறார்? தலையைக் குனிந்துகொண்டா? வாசலிலேயே குரல் கேட்கும்! அட்டையை மேசையில் அடித்து வைப்பார். "இன்னிக்கே மாத்திக் குடுங்க" என்பார். நான் முகத்தைச் சுளித்தால் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி கத்துவார். ஒருவர்கூட வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. ஏன்? விலையிலேயே அதற்கும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். நீ இருபத்திரண்டு வயதிலிருந்து வரி கட்டுகிறாய், இன்றைக்கும் கட்டுகிறாய். நானும் கட்டுகிறேன், தாமதமாகத் திருந்தினாலும். உன் அட்டை உன் கையில் இருக்கிறது. என் கடைக்கு வருகிறவர்களின் திமிரில் பாதியாவது உனக்கு வேண்டும். நாளைக்கே முழுத்திமிரோடு போ என்று சொல்லமாட்டேன், பாதி போதும்.

"நீங்களே தரலாமே" என்று நீ கேட்கவில்லை, ஆனால் மற்றவர்கள் கேட்பார்கள். தருவேன். இப்போதும் தாராவின் பள்ளிச் செலவைத் தருகிறேன். ஆனால் உன் அப்பாவை உனக்குத் தெரியும். வாடகை கொடுத்தால் நான் சும்மா இருக்கமாட்டேன். உன் வீட்டில் எந்த விளக்கு எத்தனை மணிக்கு அணைய வேண்டும் என்று சொல்வேன். மளிகைச் சீட்டைப் பார்ப்பேன். நீ யாரைக் காதலிக்கலாம் என்பதில் வந்து நிற்பேன். இப்போதெல்லாம் எல்லோரும் காஸ்கெட்டைக்கூட ஆன்லைனில் வாங்குகிறார்கள், என் கடை எத்தனை நாளோ, நான் எத்தனை நாளோ. அரசாங்கத்துக்கு உன் விளக்கைப் பற்றிக் கவலையில்லை. கேட்கிற கேள்விக்கு உண்மையான பதில் போதும். உன் வீட்டில் நீயே வீட்டுக்காரனாக இருக்க அதுதான் நல்லது.

உண்மை என்றதும் ஒன்று சொல்லவேண்டும். நீ அங்கே போய், "கால் எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நாட் டூ பேட்" என்று சொல்வாய். எனக்குத் தெரியும். எங்களிடம் சொல்லிச் சொல்லி அது உன் வாயில் பழகிவிட்டது. அங்கே அதைச் சொன்னால் அவர்கள் நம்புவார்கள், நம்பி எழுதிக்கொள்வார்கள். நல்ல நாளை மட்டும் சொல்லாதே. போன மாதம் குளியலறையில் இரண்டு மணி நேரம் தரையில் உட்கார்ந்திருந்தாயே, தாரா வந்து தண்ணீர் கொடுத்தாளே, அந்த நாளையும் சொல். அவள் எங்களிடம் சொல்லிவிட்டாள், கோபித்துக்கொள்ளாதே. ஏன் படி இல்லாத வீடுதான் வேண்டும் என்று சொல். மருந்துக்கும் டாக்ஸிக்கும் ஆகிற செலவுக்குத் தனியாக ஓர் உதவி இருக்கிறதாம், அதையும் கேள். வேலை நேரம் கூடினால், சம்பளம் ஏறினால், அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீயே சொல்லிவிடு. ஒளித்துவைத்துப் பிழைப்பது எப்படியிருக்கும் என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள், அனுபவித்துத் தெரிந்துகொள்ளாதே.

இந்தக் கடிதத்தைச் சங்கத்தின் பொங்கல் மலருக்குக் கொடுக்க நினைக்கிறேன். ஊருக்கு முன்னால் பேசியதை உன் காதில் மட்டும் ரகசியமாகத் திருப்பிச் சொன்னால் அது பாதி மன்னிப்புதான். அந்த மண்டபத்தில் கைதட்டியவர்களும் படிக்கவேண்டும், கைதட்டாமல் தலையைக் குனிந்துகொண்டவர்கள் அதைவிட முக்கியமாகப் படிக்கவேண்டும். உன் பெயரும் குழந்தையின் நிஜப் பெயரும் இதில் இல்லை. ஆனாலும் பாபகூராவில் குக்கர் கடை வைத்திருக்கிற தமிழன் யார் என்று கண்டுபிடிக்க யாருக்கும் அரை நிமிடம் ஆகாது. அதனால் முதலில் உனக்கு அனுப்புகிறேன். நீ வேண்டாம் என்றால் உன்னைப் பற்றிய பக்கங்களைக் கிழித்துவிட்டு, அந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணைப் பற்றியதையும் மைக்கைப் பற்றியதையும் மட்டும் கொடுப்பேன். அது என் குற்றம், அதைக் கொடுக்க உன் அனுமதி தேவையில்லை. பேசுகிறவர்கள் பேசட்டும். "பையனுக்கு அரசாங்க உதவியாமே?" என்று கடைக்கு வந்து இழுக்கிறவர்களுக்கு நான் பதில் வைத்திருக்கிறேன். "ஆமாங்க. உங்களுக்கும் படிவம் வேணுமா?"

இனி வேலை உன்னுடையது. கையெழுத்தைப் போடு. திங்கட்கிழமை ஃபோன் செய்து புதிதாக நேரம் கேள். கிடைத்ததும் எனக்கு மெசேஜ் போடு, காரை எடுத்துக்கொண்டு வருகிறேன். அன்றைக்கு அம்மாவும் வருகிறாளாம், அதனால் கடை மூடியிருக்கும். கதவில் 'மகனோடு போயிருக்கிறோம்' என்று எழுதி ஒட்டுவேன். எங்கே, எதற்கு என்பதையும் சேர்த்து எழுத எனக்குக் கை துறுதுறுக்கிறது. அதை நீ தீர்மானி.

கூட ஒருவரை அழைத்துப்போகலாமாம், விசாரித்துவிட்டேன். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், வாயைத் திறக்கமாட்டேன், உன் அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். வீட்டுக்காரர் உங்களுக்கு உறவா என்று திரும்பக் கேட்பார்கள். இல்லை என்று சொல். தெளிவாக, ஒரே வார்த்தையில். பிறகு, கூட வந்திருக்கும் இந்தக் கிழவர் யார் என்று கேட்பார்கள்.

அங்கே பழக்கதோஷத்தில் அங்கிள் என்று சொல்லிவைக்காதே.

உன் அப்பா